ரை புல், வடக்குக் காற்று

அக்டோபர் 4
சின்னவனின் ஸ்பேசரைக் கழுவி வைத்தேன், ஆஸ்துமா மருந்து அடிக்கிற பஃபரை மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய் அது. சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காய விட வேண்டும், துடைக்கக் கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்தெல்லாம் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இவரிடம் எத்தனை தடவை சொன்னாலும் துண்டும் கையுமாக வந்து நிற்கிறார்.

அக்டோபர் 9
ராத்திரி இருமல். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறான்.

அக்டோபர் 15
டெஸ்டுக்காக அலர்ஜி மருந்தை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், மூக்கைத் தேய்த்துத் தேய்த்து தக்காளிப்பழமாக்கி வைத்திருக்கிறான். முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு, சொட்டின் மேல் ஒரு குத்து. அழவில்லை. ஆனால் 15 நிமிடம் சொறியாமல் உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு குத்து வெறும் ஹிஸ்டமின், அது யாருக்கும் தடிக்கும், டெஸ்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க. தூசிப்பூச்சி கொஞ்சம் தடித்தது. பூனை ஒன்றுமில்லை (பெரியவள் உடனே பூனை கேட்டாள், அதை அப்புறம் பார்க்கலாம்). ரை புல் ஹிஸ்டமினையே தாண்டி, ஓரமெல்லாம் பிசிறு விட்டுப் பரவியது. நர்ஸ் ஸ்கேல் வைத்து அளந்தார். 3 மில்லிமீட்டர் வந்தாலே அலர்ஜிக் கணக்குதான். இவனுக்கு 11.

அக்டோபர் 16
அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, புல்லா? மாட்டுக்குப் போடுத புல்லா?" என்றாள். ஆமாம், அதேதான். வெள்ளைக்காரன் ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்று கொண்டுவந்து விதைத்தது, இன்று மெல்போர்னைச் சுற்றி எங்கு பார்த்தாலும் அதுதான். ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி முகரக் கொடுக்கச் சொன்னாள். சரி என்றேன்.

அக்டோபர் 25
எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுகிறார். சனிக்கிழமை காலையானால் அந்த மிஷின். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே இருக்கிறோம். நல்ல மனுஷன்தான், கை அசைக்கிறார், நானும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அசைக்கிறேன்.

நவம்பர் 2
தூக்கம் வரவில்லை, 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் வந்த இடிமழை ஆஸ்துமா பற்றி மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். படிக்காதே என்று இவர் சொல்லியும்தான். அன்று 35 டிகிரி வெயில், சாயங்காலம் திடீரென்று குளிர்காற்றோடு இடிமழை. ரை புல்லின் மகரந்தம் முழுசாக இருந்தால் பெரிசு, மூக்கிலேயே நின்றுவிடும், தும்மினால் போயிற்று. இடிமேகத்தில் ஈரம் பட்டால் அது வெடித்து, உள்ளே இருக்கும் மாவுத் துணுக்குகள் நூற்றுக்கணக்கில் சிதறி, காற்றோடு தரைக்கு இறங்கி, நுரையீரலின் அடிவரை போய்விடும். 10 பேர் செத்துப்போனார்கள். மூச்சு முட்டி வந்தவர்களில் பலருக்கு அதற்குமுன் ஆஸ்துமாவே கிடையாது, வசந்தகாலத்தில் மூக்கொழுகும், அவ்வளவுதான். அதிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் அவர்கள் ஜனத்தொகைக்கு மீறிய அளவில் இருந்தார்கள். இந்த வரிக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். இவன் இங்கேயே பிறந்தவன், இவன் எந்தக் கணக்கில் வருவான்?

மழைக்காக அம்மன் கோவிலில் கஞ்சி ஊற்றுகிற ஊரில் பிறந்தவள் நான்.

நவம்பர் 5
இடிமழை ஆஸ்துமா அபாய முன்னறிவிப்பு இன்று பச்சை. நாளைக்கும் பச்சை.

நவம்பர் 11
பள்ளிக்கூடத்தில் பேசினேன். புது டீச்சர். நீல பஃபர், ஸ்பேசர், 4 முறை அழுத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, அப்புறம் 4 நிமிடம் பார்க்க வேண்டும், குறையாவிட்டால் மறுபடி 4, அப்போதும் இல்லையென்றால் ஆம்புலன்ஸ். தெரியும் என்றார். பஃபர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆபீஸ் அலமாரியில் என்கிறார். மைதானம் ஒரு மூலை, ஆபீஸ் இன்னொரு மூலை. விளையாடப் போகும்போது பை கூடவே போகட்டும் என்றேன். பார்க்கிறேன் என்றார். 'பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம்?

நவம்பர் 17
சிவப்பு.
வடக்குக் காற்று காலையிலிருந்தே. உள்ளே கொதிக்கிறது, கூலரைப் போட முடியாது. இந்த வீடுகளில் எல்லாம் வைத்திருக்கிற கூலர் வெளிக்காற்றைத்தான் ஈரமாக்கி உள்ளே தள்ளும், மகரந்தத்தையும் சேர்த்து. பெரியவள் ஃபேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். பள்ளிக்கு அனுப்பவில்லை. இவருக்கு அதில் கோபம், "காலமெல்லாம் பூட்டி வைப்பியா?" என்றார். மேற்கே மேகம் கறுத்திருக்கிறது. அவன் தரையில் படுத்து லெகோ அடுக்குகிறான், நான் அவன் விலா உள்வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், "அம்மா, சும்மா சும்மா சட்டையத் தூக்காத" என்கிறான்.

நவம்பர் 18
நாலு சொட்டு. அவ்வளவுதான். எல்லாம் கிழக்கே போய்விட்டது. ராத்திரி ஒரு தடவை நீல பஃபர் கொடுத்தேன்.

நவம்பர் 20
ஆரஞ்சு. டீச்சரிடமிருந்து பதில் இல்லை. நாளை மறுநாள் கிரிக்கெட், போயே தீருவேன் என்று பேட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மைதானப் பைக்கு என்று தனியாக ஒரு பஃபர் வாங்க வேண்டும், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், அந்த ஸ்பேசர் இன்னும் காயவில்லை