பந்தோபஸ்து முடிந்து திரும்பாதவரின் கோப்பு

என் அக்காவின் கணவர் 1999-ஆம் ஆண்டு இரண்டாம் நிலைக் காவலராகப் பணியில் சேர்ந்தவர். தலைமைக் காவலராக இருந்த அவர், 2022 டிசம்பரில் திருவண்ணாமலை கார்த்திகை தீபப் பந்தோபஸ்து முடிந்து, தம் நிலையத்துக்கு இருசக்கர வாகனத்தில் திரும்பும் வழியில் விடியற்காலையில் லாரி மோதி இறந்தார். பின்னால் அமர்ந்து வந்த இளம் காவலருக்குத் தொடை எலும்பு முறிந்தது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் எனக்குப் படிவங்களோடு பழக்கம் உண்டு என்பதால், அதன் பிறகான அலுவலக வேலைகள் அனைத்தும் என்னிடம் வந்து சேர்ந்தன. இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அரசு மரியாதை, மலர்வளையம், துப்பாக்கிக் குண்டு முழக்கம் எல்லாம் முறையாக நடந்தன. அதில் துறை ஒரு குறையும் வைக்கவில்லை. சிக்கல் காகிதத்தில் தொடங்கியது. விபத்து நடந்தது வேறொரு நிலையத்தின் எல்லையில். அங்கே பதிவான முதல் தகவல் அறிக்கையில், "பணி முடிந்து வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தபோது" என்று எழுதியிருந்தார்கள். புகார் கொடுத்தவர் அவ்வழியே வந்த ஒருவர். அவர் அறிந்தது அவ்வளவுதான். ஆனால் பணியின்போது நேர்ந்த மரணமா, பணி முடிந்த பிறகு சொந்தப் பயணத்தில் நேர்ந்த மரணமா என்ற கேள்வி அந்த ஒரு வரியிலிருந்தே எழுந்தது. கருணைத்தொகைக்கான பரிந்துரையும் அந்தக் கேள்வியிலேயே சிக்கி நின்றது. சொந்த வண்டியில்தானே வந்தார் என்று சம்பந்தப்பட்ட பிரிவில் கேட்டபோது, வெளிமாவட்டப் பந்தோபஸ்துக்குப் போகும் ஏட்டுக்குத் துறை எந்த வண்டியைக் கொடுக்கிறது என்று திருப்பிக் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

வழி காட்டியவர் மாமாவின் நிலையத்து எழுத்தர். ஒரு காவலர் நிலையத்தைவிட்டு வெளியூர்ப் பணிக்குப் புறப்படும்போது பொது நாட்குறிப்பில், அதாவது ஜி.டி.யில், பதிவு செய்து, "பாஸ்போர்ட்" என்று அவர்கள் சொல்லும் பணிச்சீட்டையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பி வந்து ஆஜரானதும் அதையும் பதிய வேண்டும். மாமா புறப்பட்ட பதிவு அந்த நாட்குறிப்பில் இருந்தது; வந்து சேர்ந்த பதிவு இல்லை. பந்தோபஸ்து ஆணையில் அவருடைய பெயரும் அவர் நிற்க வேண்டிய இடமும் இருந்தன. இவற்றின் நகல்களோடு, நிலையத்தில் ஆஜராகத்தான் இருவரும் வந்துகொண்டிருந்தோம் என்று காயமடைந்த காவலர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கொடுத்த வாக்குமூலத்தையும் இணைத்து, ஆய்வாளர் ஓர் அறிக்கை அனுப்பிய பிறகே கோப்பு நகர்ந்தது. எனவே முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படிப்பதும், நிலையத்து ஆவணங்களோடு முரண்படும் இடத்தை எழுத்துமூலம் சுட்டிக்காட்டுவதும்தான். துக்க வீட்டில் இதை யார் செய்வது என்ற கேள்வி நியாயமானது. மனைவியால் முடியாது, வேறு யாராவது செய்தே ஆக வேண்டும்.

வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் வழங்கினார். மனைவி, பிள்ளைகளோடு மாமாவின் தாயார் பெயரும் அதில் வரும். பணிப்பதிவேட்டில், திருமணத்துக்கு முன் தாயாரின் பெயரில் கொடுத்த வாரிசு நியமனம், அதாவது இறந்தால் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற பதிவு, மாற்றப்படாமலே இருந்தது. அந்த அம்மாள் எந்தத் தயக்கமும் காட்டாமல், "எம் பேரப்புள்ளைங்களுக்குத்தான போவுது" என்று கையெழுத்திட்டார். எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. பணியில் இருக்கும் காவலர்கள் இதைப் படித்தால், தங்கள் பணிப்பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து ஐந்து லட்சம் ரூபாய் வந்தது. ஊதியத்தில் மாதந்தோறும் 110 ரூபாய் பிடித்தம் செய்வதற்கான தொகை அது. முன்பு 60 ரூபாய் பிடித்து மூன்று லட்சம் கொடுத்தார்கள். ஈட்டிய விடுப்புக்கான பணம், சேமநல நிதி, பணிக்கொடை ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. ஓய்வூதியக் கருத்துரு சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய், கொடுப்பாணை கருவூலத்துக்கு வந்தது. முதல் ஏழு ஆண்டுகளுக்குக் கடைசி ஊதியத்தில் 50 சதவீதமும், அதன்பின் 30 சதவீதமும் குடும்ப ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர் என்பதால் இது கிடைத்தது. அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்து, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்து இறந்த ஒரு காவலரின் மனைவியை அதே அலுவலக வராந்தாவில் சந்தித்தோம். அவருக்கு வந்தது கணவரின் கணக்கில் சேர்ந்திருந்த தொகை மட்டுமே. மாதந்தோறும் எதுவும் இல்லை. சீருடை ஒன்று, வேலை ஒன்று, சாவும் ஏறத்தாழ ஒன்றுதான்.

வங்கிச் சம்பளக் கணக்கோடு சேர்ந்த விபத்துக் காப்பீடு இருப்பது அக்காவுக்குத் தெரியாது. மாமாவின் பேட்ச் நண்பர், அதாவது அவரோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர், ஒருவர் சொல்லித்தான் கிளைக்குப் போனோம். உடற்கூறாய்வு அறிக்கையோடு தடய அறிவியல் ஆய்வகத்தின் வேதிப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டார்கள். இறந்தவர் மது அருந்தியிருந்தாரா என்று பார்ப்பதற்காக. அந்த அறிக்கை வரத் தாமதமாகும். அது வரட்டும் என்று காத்திருக்காமல், மரணத்தை எழுத்துமூலம் உடனே தெரிவித்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். மற்ற தாள்களைப் பிறகு கொடுக்கலாம்.

லாரி மீதான இழப்பீட்டு வழக்குக்கும் காலக்கெடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வருகிறதே, வழக்கு எதற்கு என்று உறவினர் சிலர் தடுத்தார்கள். அந்த ஓய்வூதியத்தை இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று வழக்கறிஞர் விளக்கிய பிறகுதான் அக்கா வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவுக்கும் முன்னால் வந்து சேர்ந்தது பேட்ச் பணம். ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த காவலர்கள் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆளுக்குச் சில நூறு ரூபாய் போட்டு, இறந்த தோழரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. மாமாவை நேரில் பார்த்தே இராதவர்களும் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் பெயரில் வைப்பு வைத்த ரசீதுகளாகவே கொடுத்தார்கள். பணமாகக் கொடுத்தால் கரைந்துவிடும் என்பது அவர்களின் அனுபவம். அரசு நடைமுறை இவ்வளவு யோசித்து நான் பார்க்கவில்லை.

2020 ஜனவரியில் களியக்காவிளையில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனின் குடும்பத்துக்கும், 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் துரத்திச் சென்று வெட்டிக் கொல்லப்பட்ட பூமிநாதனின் குடும்பத்துக்கும் அரசு தலா ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. அது சரியே. ஆனால் தூக்கமில்லாத இரவுப் பணிக்குப் பின் சாலையில் சாகிறவருக்கும், வெயிலில் நின்று மாரடைப்பில் விழுகிறவருக்கும் அந்த வேகமும் இல்லை, அந்த அளவும் இல்லை. செய்தியாகாத சாவுக்கு வீட்டார்தான் ஒவ்வொரு மேசையாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருணை அடிப்படையிலான பணிக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அக்கா விண்ணப்பிப்பதா, கல்லூரியில் படிக்கும் மகளை விண்ணப்பிக்கச் சொல்வதா என்று வீட்டில் நெடுநாள் பேச்சு நடந்தது. "நான் படிப்ப முடிச்சு பரீட்சை எழுதிக்கிறேன், நீ போம்மா" என்று மகளே முடிவு சொன்னாள். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதங்கள், குடும்பத்தில் வேறு எவரும் அரசுப் பணியில் இல்லை என்பதற்கான சான்று, வறிய நிலைச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பம் போனது. முன்னுரிமைப் பட்டியலில் காத்திருந்து, இப்போது அக்கா காவல் துறை அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். காயமடைந்த அந்தக் காவலருக்கு மருத்துவக் காப்பீட்டில் ஒரு பகுதிச் செலவே கிடைத்தது. காப்பீட்டுப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரத்துக்குச் சேர்த்ததற்கான மீதித் தொகை இன்னும் வரவில்லை. அவருடைய மேல்முறையீட்டு மனுவை இப்போது அக்காதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.