நான்கைந்து கோழிக்கு எந்த இனம்?

வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து கோழி வளர்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த இனம் ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும் என்பதைத்தான். பண்ணைக்காரருக்கு அது சரியான கேள்வி. சின்னக் கூட்டத்தில் இனத்தின் குணத்தைப் பார்த்த பிறகே எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆயிரம் கோழிகளில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தால் கணக்கில் தெரியாது. ஐந்தில் ஒன்று உட்கார்ந்தால் அந்த வாரமே முட்டை குறையும், போதாக்குறைக்கு முட்டையிடும் பெட்டியும் அதன் வசமாகிவிடும்.

வெள்ளை லெகார்னை எடுத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 280 முட்டைக்குக் குறையாமல் இடக்கூடியது, உடல் சிறியதாதலால் தீனியும் குறைவு, அடைகாக்கும் குணமும் ஏறத்தாழ அற்றுப்போனது. காகிதத்தில் இதைவிடச் சிறந்த கோழி இல்லை. ஆனால் ஒரு கதவு படாரென்று சாத்தினாலே மிரண்டு பறக்கும். இடுப்பளவு வேலி அதற்குப் பொருட்டே அல்ல. மேலே வலை போட முடியாதவர்களும், குழந்தைகள் தூக்கி விளையாட வேண்டும் என்று நினைப்பவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது.

அதற்கு நேரெதிர் ஆர்பிங்டன். கனத்த உடலும் அடர்ந்த இறகும் கொண்ட இது, கையில் எடுத்தால் திமிறாமல் இருக்கும். தாழ்வான வேலியே போதும். ஆனால் அடைக்கு உட்காரும் நாட்டம் மிகுதி. அப்படி உட்கார்ந்த பெட்டை, பெட்டியில் தட்டையாகப் பரவி, மார்பு இறகைத் தானே பிடுங்கிப் போட்டு, கை நீட்டினால் உடலைச் சிலிர்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் உறுமும். குஞ்சு பொரிக்கும் 21 நாளும், பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் வாரங்களும் அது முட்டையிடாது. குஞ்சு வேண்டுமென்பவருக்கு இது வரம். சேவலே இல்லாத வீட்டிலோ, கருக்கூடாத முட்டையின் மேல் வெறுமனே பட்டினி கிடக்கும். தாய்மையில் பேர்போன அசீல் சண்டைக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனம். அதை மற்ற இனங்களோடு ஒரே கூண்டில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லெகார்னுக்கும் ஆர்பிங்டனுக்கும் நடுவே நிற்பவை ரோட் ஐலண்டு ரெட்டும் ஆஸ்ட்ரலார்ப்பும். 1922-23இல் ஆறு ஆஸ்ட்ரலார்ப் பெட்டைகள் 365 நாளில் 1,857 முட்டையிட்டன. தலைக்கு 309க்கும் மேல். அந்தச் சாதனையை வீட்டுத் தோட்டத்தில் எதிர்பார்க்கக் கூடாது, 200க்கு மேல் கிடைத்தாலே போதுமானது. முதல் முறையாக வளர்ப்பவருக்கு என் தேர்வு ஆஸ்ட்ரலார்ப்தான். ரோட் ஐலண்டு ரெட் திடமானது, எனினும் கொஞ்சம் அதிகாரம் செய்யும்.

தட்பவெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. பெரிய ஒற்றைக் கொண்டை உடல் சூட்டை வெளியேற்ற உதவும்; அதே கொண்டை உறைபனியில் கருகும். கழுத்தில் இறகில்லாத இனங்கள் வெயிலை நன்றாகத் தாங்குகின்றன. காலிலும் இறகுள்ள பிரம்மா ஈரத் தரையில் சேற்றைச் சுமந்து திரியும். பஞ்சு போன்ற சில்கியின் இறகுகளில் நீரைத் தடுக்கும் பிணைப்பு இல்லாததால், ஒரு மழையிலேயே தோல்வரை நனைந்து நடுங்கும்.

இறைச்சிக்கான பிராய்லர் குஞ்சுகளை முட்டைக்காக வளர்ப்பது வீண். ஆறேழு வாரத்தில் எடை ஏறுவதற்கென்றே உருவாக்கப்பட்ட அவற்றின் காலும் இதயமும் நெடுநாள் தாங்குவதில்லை.

இனம் முடிவான பின், ஆண் பெண் எனப் பிரிக்கப்படாத குஞ்சுகளாக வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாகவே வரும். ஆகவே முட்டையிடும் பருவத்தை நெருங்கிய விடைக்கோழிகளாக, ஒரே அளவில், குறைந்தது மூன்றாகச் சேர்த்து வாங்குங்கள். தனியாக வந்து சேரும் ஒற்றைக் கோழியைப் பழைய கோழிகள் தீனித் தட்டருகே அண்டவிடாமல் கொத்தியே விரட்டும்.