மூங்கில் சுறாக் குட்டி: டிசம்பர் 2023

டிசம்பர் 1

வீட்டுத் தொட்டியில் இருக்கும் குட்டி இன்றும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 2

இறாலைப் பொடியாக நறுக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து மூக்கருகே காட்டினேன். திரும்பிப் பார்க்காமல் பைப்புக்குள் போய்விட்டது. பொரித்த புதிதில் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே சில நாள் தாங்கும், அவசரப்படக் கூடாது என்று தெரியும். தெரிந்து என்ன, மனம் கேட்கவில்லை. நேற்று வயிறு உப்பலாக இருந்தது. இன்று ஒட்டியிருக்கிறது. விளக்கைத் தள்ளிவைத்து மறுபடி பார்த்தேன். ஒட்டித்தான் இருக்கிறது.

நாளை கணவாய்.

டிசம்பர் 3

மிக்ஜாம் புயல். காலையிலிருந்து மழை விடவில்லை. அம்மா பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தார்கள். நான் உப்புத் தண்ணீர் கலந்து கேன்களில் நிரப்பினேன், பேட்டரி காற்று மோட்டாருக்குப் புது செல் போட்டேன். கணவாயும் வேண்டாமாம்.

டிசம்பர் 4

விடிவதற்குள் மின்சாரம் போய்விட்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இன்வெர்ட்டர் மதியம் வரைதான் தாங்கியது. பேட்டரி மோட்டார் ஏதோ கொஞ்சம் குமிழி விடுகிறது, ஆனால் பில்டர் நின்றுவிட்டது. ஓட்டமில்லாத தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து பில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்தால் அமோனியா என்ற நஞ்சு ஏறும். அதனால் மக்கில் மொண்டு, கையை உயர்த்தி ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். "நீ போய்ப் படு, நான் ஊற்றுகிறேன்" என்றார்கள் அம்மா. எப்படிப் படுப்பது?

டார்ச்சில் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை திறந்து மூடுகிறது. உடம்பின் கறுப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. நீந்தாமல் தரையில் கிடந்தபடியே செவுளுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் இனம் இது. துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 5

சாப்பிட்டது! இருட்டில், இடுக்கியிலிருந்து வெடுக்கென்று பிடுங்கியது. பிடுங்கிய அதிர்வு என் விரலில் இன்னும் இருக்கிறது.

ஏன் இன்று? மோட்டார்களும் ஹீட்டரும் ஓடவில்லை என்பதாலா? இரையின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின்புலத்தை இதன் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகள் உணர்ந்துவிடும். 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதே இனத்தின் முட்டைகளைச் சோதித்தார்கள். மின்புலத்தை உணர்ந்ததும் உள்ளே இருக்கும் கரு மூச்சை நிறுத்தி அசையாமல் கிடந்தது. முட்டைக்குள்ளேயே இவ்வளவு கூர்மை என்றால், இத்தனை கருவிகள் ஓடும் தொட்டி இதற்கு எவ்வளவு தொந்தரவு! என் ஊகம்தான். ஆனால் விடமாட்டேன்.

இன்னொரு துண்டுக்கு வாய் திறந்தது. கொடுக்கவில்லை. பில்டர் இல்லாத தண்ணீரில் கழிவு சேர்ந்தால் அந்தக் கழிவே குட்டிக்கு எமன். கொடுக்காமல் கையை இழுத்துக்கொண்டது வலித்தது.

டிசம்பர் 6

மின்சாரம் வந்தது. அமோனியா 0.5. கலந்து வைத்திருந்த தண்ணீரை மாற்றினேன். ஒரு கடைக்காரர் போனில் மருந்து சொன்னார். செம்பு சேர்ந்தது. சுறாவுக்குச் செம்பு விஷம், தொட்டிப் பக்கமே அதைக் கொண்டுவர மாட்டேன்.

டிசம்பர் 7

சாப்பிடவில்லை. மோட்டார்கள் ஓடுகின்றன.

டிசம்பர் 8

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறாலை நீட்டினேன். வாங்கியது, துப்பியது, மறுபடி வாங்கி விழுங்கியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எவ்வளவு பெரிதாகும்?" என்றார்கள். ஒரு மீட்டர் என்றேன். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறு வாங்க வேண்டும். எர்த் கம்பியையும் எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும்.

டிசம்பர் 9

அமோனியா இறங்கிவிட்டது, அது சிதைந்து வரும் அடுத்த நஞ்சான நைட்ரைட் ஏறியிருக்கிறது. உப்பு கொஞ்சம்தான் இருக்கிறது. கடை திறந்துவிட்டார்களாம், போகிறேன்.