'ஃபேர்' என்ற சொல்லும் நம் ஆங்கில டீச்சரும்

நம் ஆங்கில டீச்சர் காலமான செய்தி வந்த அன்றே நம் முன்னாள் மாணவிகள் சங்கத்தின் மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். அவருடைய பணிக்காலத்தையும் பெற்ற பெருமைகளையும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. 'ஃபேர்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர் எனக்காக ஒரு பீரியட் முழுவதும் நடத்தினார். என்ன காரணத்துக்காக என்று அன்று வகுப்பில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அந்தச் சொல்லுக்குப் பயப்படாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. கட்டுரையின் அடியில் சிவப்பு மையில் 'ஃபேர்' என்று விழுந்தால், மோசத்துக்கு ஒரு படி மேல் என்று அர்த்தம். ரஃப் நோட்டில் அடித்துத் திருத்தி எழுதியதை ஃபேர் நோட்டில் ஏற்றும்போது அதே சொல் பிழையற்ற, துப்புரவான பிரதியைக் குறித்தது. இரண்டும் ஒரே சொல்தானா என்று நாம் யாரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம். பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மேக்பெத்தின் மனைவியான ராணியின் வசனம் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் பேசுகிறாய். ஆனால் ராணிக்கு ஃபேரான பெண் வேண்டும். நீ சூனியக்காரி வேடம் போடு" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர்களில் சிலர் இதை இப்போது வாசிக்கவும் கூடும். அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அன்று இருந்தது. என் கைகளைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

மறுநாள் டீச்சர் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. வகுப்பை வரிசையாக அறிவியல் கூடத்துக்கு அழைத்துப் போய், சுவரில் இருந்த காற்றழுத்தமானியின் முன் நிறுத்தினார். வட்ட முகம், பித்தளை விளிம்பு, மஞ்சளேறிய வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்துகள். முள் 'சேஞ்ச்' என்ற சொல்லைத் தாண்டி 'ஃபேர்' என்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. "வானத்துக்கு ஏதடி நிறம்? இங்கே இந்தச் சொல்லுக்கு மழை இல்லை, புயல் இல்லை என்று அர்த்தம். கப்பலுக்குச் சாதகமாக அடிக்கும் காற்றும் ஃபேர்தான்" என்றார். என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதற்காகவே அவரை வணங்குகிறேன்.

வகுப்புக்குத் திரும்பியதும் கரும்பலகை நிறைய எழுதினார். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அழகு, இனிமை என்பதே பொருள். அழகைக் குறித்த சொல்லைப் பிறகு வெளிர்நிறத் தோலுக்கும் பொன்னிறக் கூந்தலுக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள். நேர்மை, பாரபட்சமின்மை என்ற பொருளும் அதே வேரிலிருந்துதான் வந்தது. களங்கம் இல்லாதது என்ற எண்ணமே இரண்டையும் இணைக்கிறது என்பது அவருடைய விளக்கம். 'எ ஃபேர் அமவுண்ட்' என்றால் கணிசமான அளவு. மதிப்பெண்ணாக விழும்போது சுமார். சந்தையையும் கண்காட்சியையும் குறிக்கும் 'ஃபேர்' மட்டும் வேறு குடும்பம். விழாநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்து, எழுத்திலும் ஒலியிலும் மட்டும் ஒத்துப்போகிறது.

பிறகு ஷேக்ஸ்பியருக்கு வந்தார். 1609-இல் வெளியான அவருடைய சானெட்டுகள் என்னும் பதினான்கு வரிக் கவிதைகளில் 127-ஆவது, பழங்காலத்தில் கறுப்பை யாரும் ஃபேர் என்று எண்ணியதில்லை என்று தொடங்கி, இப்போது கறுப்பே அழகின் வாரிசு என்று மாற்றிச் சொல்கிறது. அதை வாசித்துக் காட்டிவிட்டு 'மேக்பெத்' புத்தகத்தைக் கையில் எடுத்தார். "இந்த நாடகத்தின் முதல் வசனம் யாருடையது? சூனியக்காரியுடையது. 'ஃபேர்' என்ற சொல்லை இதில் முதலில் உச்சரிப்பதும் அவர்கள்தான். நல்லது கெட்டதாகும், கெட்டது நல்லதாகும் என்று சொல்லிவிட்டு மறைகிறார்கள். மேக்பெத் மேடைக்கு வந்து பேசும் முதல் வரியைப் பாருங்கள். இப்படிக் கெட்டதும் ஃபேருமான நாளைக் கண்டதில்லை என்கிறான். அவர்களைச் சந்திப்பதற்கு முன்பே அவர்களுடைய சொற்கள் அவன் வாயில் வந்துவிட்டன."

அடுத்த கேள்வியை அவர் கேட்ட விதத்தை நான் மறக்கவே இல்லை. "மன்னன் டங்கன் மேக்பெத்தின் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து, யாரை ஃபேர் என்று அழைக்கிறான்?" ராணியை. "அன்றிரவு அவனுக்கு என்ன நடக்கிறது?" கொலை. அதற்குத் தூண்டியவளும் அதே ராணி. வகுப்பு வாயடைத்துப் போனது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

வேடம் மாறவில்லை. அதை மாற்றும் அதிகாரம் டீச்சரிடம் இல்லை. தினமும் பள்ளி விட்ட பிறகு என்னை இருத்தி, அந்த முதல் வரி அரங்கின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்படி பழக்கினார். போய்ச் சேர்ந்தது.

இன்று நான் கடல்கடந்த ஒரு நகரத்தின் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 10-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்யும் விசாரணைக்கு 'ஃபேர்' என்பதே முதல் அடைமொழி. அதை நம் மக்களுக்கு 'நியாயமான' என்று சொல்லும்போதெல்லாம் சொல்லை முழுதாகச் சொல்லி நிறுத்துகிறேன். அவர் பழக்கிய நிறுத்தம் அது. வெளியே அலுவலக நண்பர்கள் எதையும் ஒப்புக்கொள்ள 'ஃபேர் எனஃப்' என்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் சண்டை போடும்போது முதலில் வருவது 'நாட் ஃபேர்'தான். சொல்லுக்கு நடுவில்தான் வாழ்கிறேன். ஆனால் இதைக் கேட்டு மகிழக்கூடியவரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன்.

1975 முதல் விற்பனையில் இருந்த அந்தப் பிரபலமான முகப்பூச்சின் பெயரிலிருந்து 2020-இல் 'ஃபேர்' நீக்கப்பட்டபோது, அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. அதற்குள் தொலைபேசியில் பேச முடியாத அளவுக்கு அவருடைய காது மந்தமாகியிருந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருப்பேன். ஊரை விட்டு வந்ததில் எனக்குக் கிடைத்தவை நிறைய. அந்தத் தாளை அவர் கையில் கொடுக்க முடியாமல் போனதை அவை எதுவும் ஈடுகட்டவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா ஆங்கில நாடகத்துக்கு நாம் உதவி அனுப்பும்போது, டீச்சர் பெயரில் ஒரு நிபந்தனையும் சேர்த்து அனுப்புவோம். வேடங்களுக்கான தேர்வில் மாணவிகள் திரைக்குப் பின்னால் நின்று வசனம் பேசட்டும். தேர்வு செய்பவர்கள் குரலைக் கேட்டு முடிவெடுக்கட்டும். திரைக்கும் அதைக் கட்டுவதற்கும் ஆகும் செலவை ஆண்டுதோறும் நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.