பள்ளி திறக்கும் முன் தண்ணீர் அடித்துப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் பள்ளி திறப்பும் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் ஏறத்தாழ ஒன்றாகவே ஜூனில் வருகின்றன. மே மாதம் வண்ணமடித்து ஒப்படைக்கப்படும் புதிய கட்டடத்துக்கு, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதுதான் முதல் சோதனை நடக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கூரை, வெளிச்சுவர், ஜன்னல் ஆகியவற்றை மட்டும் சரிபார்ப்பது என் தொழில். மழை செய்யும் சோதனையை வண்ணம் பூசும் முன்பே நாம் செய்துவிட வேண்டும் என்பதே நான் பள்ளி நிர்வாகங்களிடம் வலியுறுத்துவது.

வேலை வரைபடத்திலேயே தொடங்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் இங்கே, மழைபடாத பக்கம் என்று எந்தச் சுவரையும் விட்டுவிட முடியாது. பத்மநாபபுரம் அரண்மனையில் சாய்ந்த ஓட்டுக்கூரையும் நீண்டிறங்கும் இறவாரமும் செய்த காவலை, தட்டைக் கூரைக்கும் குறுகிய சன்ஷேடுக்கும் மாறிவிட்ட நாம் வேறு வழியில் ஈடுசெய்தாக வேண்டும். குளச்சல் போன்ற கடலோர ஊரென்றால் உப்புக்காற்றும் சேரும். அத்தகைய சூழலுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, எம்30 வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பியை மூடி அதற்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் கவரும் கேட்கிறது.

மொட்டைமாடியில் குழாய் வாய்களை அடைத்து, தட்டோடுகளைப் பதிக்கும் முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்ப்பது பலரும் அறிந்ததே. ஜன்னலுக்குத்தான் யாரும் தண்ணீர் அடித்துப் பார்ப்பதில்லை. அதையும் கீழிருந்து மேலாக, முதலில் சில் (ஜன்னலின் அடியில் பதிக்கும் கல்), பிறகு பக்கச் சட்டம், கடைசியில் மேல் விளிம்பு என்று அடிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இணைப்பையும் நனைத்துவிட, எது ஒழுகியது என்பதே தெரியாது. அண்மையில் ஒரு வகுப்பறையில் சில்லின்மேல் அடித்த சில நிமிடங்களில், அலுமினியச் சட்டத்தின் கீழ்மூலையை ஒட்டிய உள்பூச்சில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் கண்டது. சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம் என்றார் ஒப்பந்ததாரர். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கிரானைட் சில்லின் வாட்டம், அதாவது சரிவு, உள்நோக்கி இருந்தது. "வெளிய வாட்டம் குடுக்கணும்னு யாரும் சொல்லல சார்" என்றார் கொத்தனார். அது அவர் குற்றமன்று, வரைபடத்தில் அந்தச் சில் தட்டையாகவே போடப்பட்டிருந்தது. கல்லைப் பெயர்த்து, வெளிவாட்டத்தோடு பதித்து, நீர் சுவருக்குத் திரும்பாமல் சொட்டி விழக் கல்லின் அடியில் நீளவாக்கில் ஒரு காடியும் (சிறு பள்ளமும்) வெட்டிய பின் மறுபடி அடித்தோம்; உள்பூச்சு உலர்ந்தே இருந்தது. மற்ற ஜன்னல்களின் சில்லையும் அப்படியே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஒப்படைக்கும் நாளில் சாவியோடு, எந்த இணைப்பில் என்ன பொருள் வைத்து அடைத்தார்கள், எந்த ஜன்னல் எப்போது சோதிக்கப்பட்டது என்ற குறிப்பேடும் தலைமையாசிரியர் கைக்குப் போக வேண்டும். மாடிக் குழாய் வாயில் சேரும் பலா, தேக்கு இலைகளை மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் அள்ளுவது யார் பொறுப்பு என்பதையும் அதில் பெயர் போட்டே எழுதச் சொல்கிறேன்.