வேலைக்காக ஆங்கிலம் படித்தால் என்ன?

வட சென்னைக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளிலிருந்து வரும் என் மாணவிகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ஏன் இந்தப் பாடம் என்று கேட்டால், "இங்கிலீஷ் பேச வந்தா வேலை கிடைக்கும் மிஸ்" என்பார்கள். இலக்கிய ஆர்வம் இல்லையே என்று சக ஆசிரியர்கள் சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை.

கனடாவின் உளவியல் ஆய்வாளர்கள் கார்ட்னரும் லாம்பெர்ட்டும் 1959இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, ஒரு மொழியைப் பேசும் மக்களோடு ஒன்றும் விருப்பம், வேலை போன்ற பயனை நாடும் விருப்பம் என ஊக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பேசும் வழக்கம் வந்தது. வகுப்பறையில் இரண்டும் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. 2005இல் மொழியியலாளர் சோல்தான் டோர்ன்யெய் முன்வைத்த கருத்து, அதாவது நாம் யாராக ஆக விரும்புகிறோம் என்ற மனச்சித்திரமே மொழி கற்கத் தூண்டுகிறது என்பது, எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. பள்ளி ஆசிரியையாக விரும்பும் ஒரு மாணவி, அழுத்தம் விழும் அசைகளின் மேல் பென்சிலால் கோடிட்டு, மதிய இடைவேளையில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் இது மொழி ஆர்வமா, வேலைக் கவலையா என்று கேட்பதில் பொருளில்லை.

ஊக்கம் குலைவது மூன்றாம் ஆண்டில்தான். காரணம், தகவல் தாமதமாக வந்து சேர்வது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இரண்டாண்டு பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்கு மேல் போட்டித் தேர்வு; கல்லூரியில் கற்பிக்க முதுகலையோடு நெட் அல்லது செட் எனும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்று என்பதெல்லாம் கடைசி செமஸ்டரில்தான் பலருக்குத் தெரிகிறது. அதைவிட வலிப்பது, மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமை. பட்டப்படிப்புத் தகுதியில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் தேர்வுகளில் அதைப் பெறப் பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்பதால், பள்ளி முழுக்கத் தமிழில் படித்த பெண் ஆங்கில இலக்கியத்தைத் தேர்ந்தவுடன் அதை இழக்கிறாள். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 போன்ற பணிகளுக்கு மட்டும் அது அவளுக்குத் தொடர்கிறது. சேர்க்கை நாளிலேயே சொல்ல வேண்டிய செய்தி இது.

ஆகவே முதலாண்டின் முதல் வாரத்திலேயே இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்குகிறேன், டி.என்.பி.எஸ்.சி.யின் கட்டாயத் தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு வேண்டும் என்பதால் பட்டப்படிப்பில் பகுதி ஒன்றாக வரும் தமிழ்ப் பாடத்தை அலட்சியப்படுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்து.