நல்லாப் பேசியிருக்காரு

"நல்லாப் பேசியிருக்காரு, தம்பி."

படம் முடிந்து விளக்கு போட்டதும் அங்கிள் என் கையைப் பிடித்துச் சொன்னது இவ்வளவுதான். யாரைச் சொல்கிறார் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகமில்லை. திரையில் தெரிந்த முகம் அவருடையது. குரல், சிங்கப்பூரில் சாங்கி பக்கம் ஐடி வேலை பார்த்துக்கொண்டிருந்த என் சென்னை நண்பனுடையது.

2013. என் முதல் குறும்படம், 17 நிமிடம். அதற்கு முன் நான் நடிகன், அதாவது போலீஸ்காரன், மாப்பிள்ளைத் தோழன், கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்று கேட்பவன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு படக்குழுவின் ஆடிஷனில், "தம்பி நல்லாப் பண்றீங்க, ஆனா தமிழ்ல கொஞ்சம் சிங்கப்பூர் வாடை அடிக்குது" என்றார்கள். அன்று இரவு தேக்காவில் புரோட்டா இறங்கவில்லை. நானே படம் எடுக்கிறேன் என்று கிளம்பியதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அப்புறம் நான் செய்தது இன்னும் உறுத்துகிறது.

யீஷூனில் இன்னொரு நண்பன் வீட்டில் படப்பிடிப்பு. எம்ஆர்டி ரயில் அங்கே பாலத்து மேலே ஓடும். ஜன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் ரயில். மின்விசிறியையும் போட முடியாது. சத்தம் விழும் என்று பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியவர்கள் மறுபடி போட மறந்ததில், அந்த நண்பனின் அம்மா வாங்கி வைத்திருந்த மீன் கெட்டுப்போனது தனிக்கதை.

அங்கிளுக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அங்கிள் வளர்ந்ததும் அங்கேதான். மைக் இல்லாமல் மேடை நாடகம் போட்ட குரல். பேரன் காலையில் எழுந்து வரும் காட்சியில், "டிபன் சாப்பிட்டியா?" என்று எழுதியிருந்தேன். அவர், இங்கே வீடுகளில் கேட்கிற மாதிரி, "பசியாறிட்டியா?" என்றார். கட் சொல்லித் திருத்தினேன். மறுபடியும் "பசியாறிட்டியா?" நாலு டேக்.

"வீட்ல யாரு தம்பி டிபன்னு கேக்குறா?"

நியாயமான கேள்வி. சரி அங்கிள், அப்படியே சொல்லுங்க என்று விட்டுவிட்டேன். பெருந்தன்மை மாதிரி இருந்தது. ஆனால் எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது பாதி வசனத்தில் ரயில். டப்பிங் தவிர வேறு வழி இல்லை. இதுவரை என் மீது தப்பில்லை.

அவரை நான் கூப்பிடவில்லை. ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் காசு, கையில் நாலே நாள். பழக்கமில்லாதவரை இருட்டறையில் நிறுத்தி உதட்டைப் பார்த்துப் பேசச் சொன்னால், ஒரு வரிக்கே அரை மணி போகும். கோடம்பாக்கத்தில் ஒருவர் நடிக்க இன்னொருவர் பேசுவது காலங்காலமாக நடப்பதுதானே. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வீடு செம்பவாங்கில். யீஷூனிலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன்; அப்போது இடையில் கான்பரா நிலையம்கூட இல்லை. ஒரு போன் போட்டிருக்கலாம்.

படத்தைச் சென்னையில் ஒரு போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தது. அங்கே "பசியாறிட்டியா" என்றால் சிரிப்பார்களோ என்று நினைத்தேன். சென்னை நண்பன் "சாப்பிட்டியா?" என்று அழகாகக் கேட்டான். ரயில் எனக்கு ஒரு சாக்குக் கொடுத்தது என்று சில நாள் தோன்றும். சில நாள், ரயில் நிஜமாகவே ஓடியதே என்றும் தோன்றும். 2020 கணக்கெடுப்பில் இங்கே வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒரு படைப்பாளி கடல் தாண்டிப் பார்ப்பது குற்றமா? போட்டியிலிருந்து பதிலே வரவில்லை என்பது வேறு.

திரையிடலுக்கு அங்கிள் எட்டு டிக்கெட் வாங்கியிருந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், பழைய நாடக சகா ஒருவர். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்றுதான் சொல்லவில்லை என நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு டிக்கெட் போய்விடும் என்றும் பயந்திருக்கலாம்.

அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். மேடைக்காரர், குரலின் அருமை தெரிந்தவர், நண்பன் பேசியது அவருக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம். அப்படியென்றால் ஏன் "பேசியிருக்காரு"? அவன் அவருடைய மகன் வயது. அந்த மரியாதைதான் குத்துகிறதா, இல்லை அது அவர் வழக்கமா? கையை உடனே விடவில்லை. ஆனால் அவர் யார் கையையுமே உடனே விடமாட்டார்.

இப்போது என்னிடம் நடிக்க வரும் பிள்ளைகளிடம், "உங்க தமிழ்லயே பேசுங்க" என்கிறேன். போன வருடம் ஒரு ஆடிஷனில் நான் மட்டும் சுத்தமான சென்னைத் தமிழில் பேசிக்காட்டி வேடத்தை வாங்கினேன்.

படம் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அந்தக் காலைக் காட்சியில் சத்தம் வருவதற்கு முன்பே அங்கிளின் உதடு ஒருமுறை மூடித் திறக்கும். அது பசியாறுவின் 'ப'. அப்புறம் 'சாப்பிட்டியா'வில் 'ப்பி' வரும் இடத்தில், மூட வேண்டிய வாய் திறந்தே இருக்கும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் தெரிகிறது.